பார்வைக்கு மட்டும் பட்டன்

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு துணியைக் கொடுத்துவிட்டு நீங்கள் திரும்புவதற்குள் ஓரம் அடித்து, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்பியிருப்பார். அடுத்தவர் மெதுவாக வேலை செய்தால் இவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். நான் வெங்காயம் நறுக்கினால்கூட, "தள்ளு, நான் பண்றேன்" என்று கத்தியைப் பிடுங்குவார். எனக்கென்ன, விட்டது தொல்லை என்று தள்ளிக்கொள்வேன். அதே புத்தியை இவர் மாமாவிடம் காட்டியதைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மாமா, அதாவது இவருடைய அப்பா, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. காலும் கொஞ்சம் இழுத்தது. காலைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. "கை வந்துட்டாப் போதும்மா. என் சோத்தை நானே அள்ளித் திங்கணும், என் சட்டையை நானே மாட்டணும். வேற ஒண்ணும் கேக்கல" என்பார் என்னிடம்.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துபோவாள். முகத்துக்கு நேரே பேசுகிறவள். எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னாள். "ஆரம்ப மாசங்கள்லதான் கை நல்லாத் திரும்பும். அவரால முடியறதை அவரே செய்யட்டும். சட்டை போடும்போது வராத கையை முதல்ல நுழைக்கணும். கழட்டும்போது நல்ல கையை முதல்ல எடுக்கணும். கைப்பிடி வெச்ச நாற்காலியில உக்கார வெச்சு, சட்டையை மடியில குடுத்துட்டுத் தள்ளி நில்லுங்க. முடியாத இடத்துல மட்டும் உதவி பண்ணுங்க. நேரமாகும்தான். ஆகட்டுமே."

இவர் பலமாகத் தலையாட்டினார். காதில் போட்டுக்கொண்டாரா என்றால், அதுதான் இல்லை.

மறுநாள் காலை மாமா நாற்காலியில் உட்கார்ந்து சட்டையோடு மல்லுக்கட்டினார். பட்டன் துளையைத் தையல் கடையில் காஜா என்பார்கள். அந்தக் காஜாவுக்கும் பட்டனுக்கும் நடுவில் மாமாவின் விரல்கள் நடுங்கிக்கொண்டு அலைந்தன. பட்டன் வழுக்கிற்று. மறுபடி பிடித்தார். திடீரென்று முகம் மலர்ந்து, "ஒண்ணு போயிடுச்சும்மா!" என்று கத்தினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. விழுந்த கை ஒரு பட்டனைப் பிடித்து நுழைத்திருக்கிறதே!

இவர் மெஷினை விட்டு எழுந்து வந்தார். "அட, தப்பான காஜாப்பா இது! சட்டை கோணிக்கிச்சு பாருங்க. விடுங்க, நான் போட்டு விடறேன்." மாமாவின் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துவிட்டு, மளமளவென்று எல்லாப் பட்டனையும் போட்டு முடித்தார்.

"ஏங்க, அவர்தான் போடட்டுமே!" என்றேன்.

"அவர் படற பாட்டை வேடிக்கை பாக்கச் சொல்றியா? கல்நெஞ்சுக்காரி."

"ஆமா, கல்நெஞ்சுதான். பஞ்சு நெஞ்சுக்காரர் நீங்க போய் மெஷினைப் பாருங்க."

போய் மெஷினைத்தான் பார்த்தார், வேறு விதமாக. மாமாவின் சட்டைகள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய் முதுகுப் பக்கம் பிளந்தார். குழந்தைகள் செருப்பில் இருக்குமே, அழுத்தினால் ஒட்டி, இழுத்தால் சரக்கென்று பிரியும் பட்டை, அதை வைத்துத் தைத்தார். முன்பக்கத்தை மூடித் தைத்து, மேலே பட்டன்களை வரிசையாகப் பதித்தார். பார்வைக்கு மட்டும்தான் பட்டன், திறக்காது. கையை முன்னாலிருந்து நுழைத்து முதுகில் ஒட்டினால் தீர்ந்தது வேலை. மாமா விரலை அசைக்கவே வேண்டாம்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் இவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். "பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெறணும்" என்றார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. பயிற்சிக்காரப் பெண் மட்டும், "படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு இது நல்ல சட்டை. இவருக்குத்தான் கை வந்துட்டிருக்கே, இவருக்கு எதுக்கு?" என்றாள். "என் அப்பாவை நான் பாத்துக்கறேன்மா" என்று இவர் முறைத்தார். அதோடு அவளையும் எப்போதாவதுதான் கூப்பிட்டார்.

முதலில் கொஞ்ச நாள் மாமா நெஞ்சில் இருந்த பொய்ப் பட்டன்களை நிமிண்டிக்கொண்டிருந்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார். கை மடியில் கிடந்தது. விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டே போயின. "கை வந்துட்டாப் போதும்மா" என்ற பேச்சும் நின்றுபோயிற்று. நான் கேட்டால், "அவனே எல்லாம் பாத்துக்கறானே" என்பார்.

சில மாதம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தபோது மூடிக்கிடந்த கையை விரிக்கப் பார்த்தாள். மாமா வலி தாங்காமல் அலறிவிட்டார். அவள் கையை அப்படியே விட்டாள்.

"இனிமே வந்தாலும் கொஞ்சம்தாங்க வரும். பட்டன் பிடிக்கிற அளவுக்கு வரும்னு எனக்குத் தோணல."

"நான் நல்லதுதானேம்மா செஞ்சேன்?" என்றார் இவர்.

"நல்லதுதாங்க. அவர் செய்ய வேண்டியதையும் சேர்த்து நீங்களே செஞ்சுட்டீங்க."

இவரை எத்தனையோ விஷயத்துக்கு வறுத்தெடுத்திருக்கிறேன். அன்று மட்டும் திட்ட மனசு வரவில்லை. பாவி மனுஷன், கெட்ட எண்ணத்திலா செய்தார்? ஆசையாகத்தானே செய்தார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அன்றைக்கு வந்த துணி எதையும் இவர் தொடவில்லை. உட்கார்ந்து ஒரே ஒரு சட்டை தைத்தார். மெத்தென்ற துணி, பெரிய பெரிய பட்டன்கள், அகலமான காஜாக்கள். கொண்டுபோய் மாமாவின் மடியில் வைத்துவிட்டு, எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"நீங்களே போடுங்கப்பா. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

மாமா இடது கையால் ஒரு பட்டனைத் தடவிப் பார்த்தார். மடங்கிக் கிடந்த வலது கையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் துளிகூட இல்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் இவருக்காவது மனசு ஆறியிருக்கும்.

"கடையில ஆளுங்க காத்துட்டிருப்பாங்களேப்பா" என்றார். "நீயே போட்டு விட்ரு."

இவர்தான் போட்டுவிட்டார். வராத கையை முதலில் நுழைத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக. பாதிக்கு மேல் கண்ணைத் தண்ணீர் மறைக்க, தான் வெட்டிய காஜாவைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தார். மாமா அவசரப்படுத்தாமல் காத்துக்கொண்டிருந்தார்.