ரெட்டியார்பாளையத்தில் கை நனைத்த கதை

2006 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஐந்து மணிக்கு நானும் என் மனைவி செல்வியும் சேலத்தில் பஸ் ஏறினோம். மகனுக்குப் புதுச்சேரியில் பார்த்த பெண்ணை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இனி பெண் வீட்டில் நாங்கள் கை நனைக்க வேண்டும். எங்கள் பக்கம் அப்படித்தான். சாப்பிட்டு எழுந்தால் சம்மதம். சாப்பிடாமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம்.

எனக்கோ மூன்று வருடமாகச் சிறுநீரகம் பழுது. உப்பைக் குறைக்க வேண்டும், பொட்டாசியம் மிகுந்த காய்கறி, பழம் ஆகாது, தண்ணீருக்கும் அளவு உண்டு. விருந்து என்றாலே ஏதாவது சாக்குச் சொல்லி ஒதுங்கிவிடுவேன்.

ஒன்பதேகாலுக்கு விழுப்புரம். பஸ் மாறி, பத்தரைக்கு ரெட்டியார்பாளையத்தில் இறங்கினோம். பெண்ணின் அப்பா முருகையன், முன்பு மில் தொழிலாளி, இப்போது சைக்கிள் கடை வைத்திருப்பவர், இரண்டு கையிலும் இளநீரோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஒங்களுக்கு கிட்னி பிரச்சனன்னு மாப்ள சொன்னாரு. அதான் காலையிலேயே எளநீ வெட்டிட்டேன். உள்ள வாழத்தண்டு கூட்டு, வாழத்தண்டு ஜூஸு, கீர, எல்லாம் ரெடி!"

அன்பாலேயே என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்க்கிறாரே மனிதர்! எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"இதெல்லாம் கல்லுக்கு நல்லதுங்க. எனக்குக் கல்லு இல்ல, கிட்னியே சரியா வேலை செய்யல. எளநீ குடிச்சா பொட்டாசியம் ஏறி நெஞ்சுக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப கை நனைக்க மாட்டீங்களா?"

செல்வி உடனே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் கேட்டபடி முருகையன் கடைக்கு ஓடி இரண்டு சுரைக்காய் வாங்கி வந்தார். அவள் நறுக்கி, பொட்டாசியம் இறங்க நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினாள். முருகையனின் மனைவி லட்சுமி பதறினார்.

"ஐயோ, சத்தெல்லாம் போயிடுதே!"

"போவணும்னுதாங்க கொட்டுறேன்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாளிக்கும்போது லட்சுமி உப்பு டப்பாவை எட்டி வைத்தார். "எல்லாருமே இதையே சாப்புடுவோம். வேணுங்கறவங்க எல ஓரத்துல உப்பு வெச்சிக்கலாம்."

ஒரு மணிக்குப் பந்தி. எல்லா இலை ஓரத்திலும் உப்பு, என் இலையில் மட்டும் இல்லை. முருகையன் தன் உப்பைத் தொடாமலே முதல் வாய் வைத்தார். முகம் கோணியது.

"சம்மந்தி, இதையா தெனம் சாப்புடுறீங்க?"

பந்தியே சிரித்தது. அவர் என்னைச் சம்மந்தி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மாலையில் கடற்கரையில் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு ஆறு மணிக்கு ஊருக்குப் பஸ் ஏறினோம். வீட்டில் எனக்கென்று உப்பைக் குறைத்துச் சமைத்த ஒரு தனிச் சட்டி இருந்தது. எல்லோரும் சாம்பார் ஊற்றிக்கொள்ளும்போது நான் அதைத் திறப்பேன். அன்றைக்குத்தான் மூன்று வருடம் கழித்து மற்றவர்கள் சாப்பிட்ட பாத்திரத்திலிருந்தே எனக்கும் பரிமாறினார்கள். அந்தச் சந்தோஷத்தைச் செல்வியிடம் சொன்னேன்.

அவள் பஸ் ஜன்னலைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நாளையிலிருந்து நம்ம வீட்லயும் ஒரே சட்டிதாங்க. உப்பு அவங்கவங்க தட்டு ஓரத்துல."