சேறா, கரண்டியா

பறவை பார்க்கப் போகிறவர்கள் என் மனைவிக்கு வைத்திருக்கும் பெயர் 'சல்லடை'. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவளுக்கும் தெரியும். தெரிந்ததில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு என்பது என் சந்தேகம்.

அவளுக்குச் சம்பளம் கொடுப்பது ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம். காலை ஏழரையிலிருந்து மாலை மூன்றரை வரை ஊசியும் குப்பியுமாக நிற்பாள். பெயர் ஒட்டாமல் வந்த குப்பியென்றால் அமைச்சர் வீட்டு ரத்தமாக இருந்தாலும் குப்பைக்குத்தான் போகும். வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் அடுத்த வேலை ஆரம்பம், அதற்குச் சம்பளம் கிடையாது. துறைமுகத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரையிலான கரையில் அந்த வாரம் யார், எங்கே, என்ன பறவையைப் பார்த்தார்கள் என்ற பட்டியலைப் பத்தொன்பது வருஷமாக அவள்தான் தொகுக்கிறாள். செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு அது எல்லோருக்கும் போய்விட வேண்டும். வீட்டில் விருந்தாளி இருந்தாலும் சரி, எனக்குக் காய்ச்சல் அடித்தாலும் சரி.

ஆவணி பிறந்துவிட்டால் அவளைக் கையில் பிடிக்க முடியாது. வடக்கே குஞ்சு பொரித்த பறவைகள் தெற்கே கிளம்பி எங்கள் கரையில் இறங்கும் சமயம் அது. பாதி இறகு உதிர்ந்து, பாதி முளைத்து, எது எதுவென்று புரியாத கோலத்தில் வந்து சேரும். ஆட்கள் தப்புத் தப்பாகப் பார்ப்பது அப்போதுதானாம். யாராவது போனில் ஆசை ஆசையாக ஆரம்பித்தால், "கால் என்ன கலர்?" என்று ஒரு கேள்வி கேட்பாள். பாதிப் பேர் அத்தோடு காலி. அபூர்வமான பறவை என்றால் இன்னும் கறார். போட்டோ வேண்டும், இல்லையென்றால் அதே வாரத்தில் இரண்டு பேராவது பார்த்திருக்க வேண்டும். ஒற்றை ஆள் சொன்னால் செல்லாது. இந்த விதியை எழுதியவளும் அவளேதான்.

நான் கண்ணாடிக் கடைக்காரன். ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரிவது என் புண்ணியத்தில். ஆனால் பறவைகளில் எனக்குத் தெரிந்தது இரண்டே வகை: காக்கா, காக்கா அல்லாதது. அவளுக்கு முழங்கால் வலி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அந்த ஞாயிறும் ஆற்று முகத்துவாரத்துக்குப் போனோம். படகுப் பட்டறையின் சுவர் நிழலில் காரை நிறுத்தினேன். தொலைநோக்கியில் வைத்துப் போட்டோ எடுக்கும் அவள் போனில் சார்ஜ் இல்லை. அதைக் காரிலேயே சொருகி வைத்துவிட்டு, முக்காலியும் தொலைநோக்கியுமாகச் சேற்றுத் திட்டுப் பக்கம் நடந்தாள்.

"அரை மணி நேரம்தான். போன் ஏறினதும் கொண்டு வந்து குடுங்க," என்றாள்.

சரி என்றேன். பேப்பரைப் பிரித்தேன். தலைப்புச் செய்தி வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கார்க் கதவு திறந்த சத்தத்தில் விழித்தபோது மணி பதினொன்று. அவள் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பாதி மடியில் சிந்தியது. நான் பயந்துபோனேன்.

"என்ன ஆச்சு?"

"கரண்டி மூக்கு உள்ளான்," என்றாள். "உலகத்துலயே சில நூறுதாங்க மிச்சம். இத்தனை வருஷத்துல இப்பதான் பாக்கறேன். பன்னண்டு நிமிஷம் பாத்தேன்."

உள்ளான் என்பது சேற்றுக்கரையில் இரை தேடும் பறவை; இது சிட்டுக்குருவி அளவுதானாம். மூக்கு நுனி மட்டும் சின்னக் கரண்டி மாதிரி தட்டையாக இருக்குமாம். சாதாரணக் குட்டி உள்ளானின் மூக்கில் சேறு அப்பியிருந்தாலும் தூரத்திலிருந்து அப்படியே தெரியும். அதில்தான் எல்லோரும் ஏமாறுவார்கள்.

"சேறு இல்லையே?" என்று கேட்டு வைத்தேன்.

"தண்ணில மூக்க அலசுச்சு. அலசின பிறகும் கரண்டிதான்." பிறகு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனைப் பார்த்தாள். "அங்கேருந்து நாலு தரம் கத்திக் கூப்பிட்டேங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. வீடு வரைக்கும் ரோட்டைத் தவிர வேறெங்கும் பார்க்காமல் ஓட்டினேன்.

சாயங்காலம் அவள் மேஜையில் உட்கார்ந்து மற்றவர்களின் செய்திகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். தன்னுடையதை மட்டும் தொடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

"நானும் பாத்தேன்னு போட்டுக்கோம்மா. ரெண்டு பேர் ஆச்சு. கார்லேருந்து நல்லாவே தெரிஞ்சுது," என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "கால் என்ன கலர்?"

"சிவப்பு."

"கருப்பு."

"வெயில்ல சிவப்பா தெரிஞ்சிருக்கும்."

"எத்தனை கால்னு கேட்டிருக்கணும் உங்களை," என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். நானும் அசடு வழிந்தேன். ஆனால் சிரித்து முடித்ததும் அவள் முகம் பழையபடி வாடிவிட்டது. பத்தொன்பது வருஷம் மற்றவர்கள் பார்த்ததை எழுதிய கைக்குத் தன்னுடையதை எழுத வழியில்லை.

"படகுப் பட்டறை வெல்டரைப் பாக்கச் சொல்லலாமே. அங்கயேதானே இருக்காரு," என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆறு வருஷத்துக்கு முன் இதே பறவையைப் பார்த்ததாகச் செய்தி அனுப்பியவர் அந்த வெல்டர். போட்டோ இல்லை, கூட யாரும் இல்லை. 'சேறு' என்று ஒரே வார்த்தை எழுதி அடித்துவிட்டாள் இவள். வீடு தேடி வந்து வாதாடினார். இவள் மசியவில்லை. அன்றோடு அவரிடமிருந்து ஒரு கொக்குகூடப் பட்டியலுக்கு வந்ததில்லை.

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கூப்பிடுறது?" என்றாள். ஆனால் அரை மணி கழித்துக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், தைரியத்துக்கு நான் பக்கத்தில் வேண்டும்போல.

"சொல்லுங்க மேடம்," என்றார் வெல்டர்.

"பட்டறைக்குப் பின்னாடி சேத்துத் திட்டை ரெண்டு நாள் பாத்துச் சொல்ல முடியுமா?"

"எதைத் தேடணும்?"

"அதைச் சொல்ல மாட்டேன். சொல்லிட்டா அதுதான் கண்ணுக்குத் தெரியும்."

"நான் பாத்தா மட்டும் எழுதிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் நாங்கள் போனோம். நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு விழித்திருந்தேன். போனில் நூறு சதவீதம் சார்ஜ். வந்ததெல்லாம் தினமும் வருகிற கூட்டம். ஏழேகாலுக்கு அவளை வேலையில் இறக்கிவிட்டேன். இறங்கும்போது, "போயிருக்கும். பயணம் போறது எவ்வளவு நாள் நிக்கும்?" என்றாள்.

செவ்வாய் மாலை ஆறேகாலுக்கு வாசல் மணி அடித்தது. வெல்டர். சட்டையில் பொறி பட்ட ஓட்டைகள், நெற்றியில் முகமூடி அழுத்திய கோடு. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பாத்தேன். போட்டோ எடுத்தேன், என் போன்ல வெறும் புள்ளிதான் விழுந்திருக்கு. நீங்க சேறும்பீங்க. ஆனாலும் சொல்லாம இருக்க முடியலை."

"கால் என்ன கலர்?" என்றாள் இவள்.

"கருப்பு."

"தொண்டை?"

"லேசா செங்கல் கலர் மிச்சம் இருந்துச்சு."

"இதெல்லாம் புத்தகத்துலயே இருக்கு. புத்தகத்துல இல்லாதது ஏதாவது?"

அவர் முறைத்தார். பிறகு கூரையைப் பார்த்து யோசித்தார். "அது நொண்டுச்சு. இடது கால். நாலு அடி ஓடினா ஒரு தத்து."

அவள் பேனாவை வைத்தாள். நொண்டிய விஷயத்தை அவள் என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவள் அழுது நான் பார்த்தது இது மூன்றாவது தடவை.

"நானும் பாத்தேன்," என்றாள். "ஞாயித்துக்கிழமை. அதே நொண்டல்."

வெல்டர் அப்போதுதான் உட்கார்ந்தார். அவள் பட்டியலின் முதல் வரியில் அவர் பெயரையும் அதற்குப் பின்னால் தன் பெயரையும் தட்டினாள். கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"அப்ப ஆறு வருஷத்துக்கு முந்தி நான் சொன்னது?"

இப்போதாவது விட்டுக்கொடுப்பாள் என்று நினைத்தேன்.

"அதைப் போட முடியாது," என்றாள். "அன்னைக்கு நீங்க ஒருத்தர்தான்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மேஜைக்கடியில் அவள் காலை ஓங்கி மிதிக்கலாமா என்று எனக்குத் தோன்றியது.

"பட்டியல்ல வராது," என்றாள் அவள் மறுபடியும். "ஆனா நீங்க பாத்தீங்க. அதை நான் நம்பறேன். ஒருத்தர்தான் பாத்தீங்கன்னு எழுதியிருக்கணும். சேறுன்னு எழுதினது என் தப்பு."

வெல்டர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டியலை விடுங்கக்கா," என்றார். "சேறுதானோன்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு, ஆறு வருஷமா."