கருப்பம்மாவின் அமுக்குக் கல்

கருப்பம்மாவுக்குப் புருஷன் பெரிதா, சாடி பெரிதா என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்ற பயம்தான். கணபதி நல்ல மனுஷன். அவன் மனம் நோகக் கூடாதே என்று எல்லாருமாகச் சேர்ந்து அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவைத்திருந்தார்கள்.

முதலில் சாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டம் தேயிலை வருவதற்கு முன் கோப்பித் தோட்டம். கோப்பியில் நோய் விழுந்து, துரை கையைச் சுட்டுக்கொண்டு சீமைக்குக் கிளம்பியபோது பங்களா முற்றத்தில் சாமான்களை ஏலம் போட்டார்கள். கட்டிலையும் நாற்காலியையும் பதுளைக் கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். துரைசாணி அவரைக்காயை உப்பில் போட்டு வைக்கிற பீங்கான் சாடி மட்டும் விலை போகாமல் நின்றது. முழங்கால் உயரம், வெளியே தவிட்டு நிறம், உள்ளே வழவழப்பு, மூடியில் ஒரு சில்லு போயிருந்தது. பங்களாத் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த சின்னப் பெண் கருப்பம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எடுத்துக்கொண்டு போ என்று துரைசாணி கையைக் காட்டினாள். அவள் மனம் மாறுவதற்குள் கருப்பம்மா அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு லயத்துக்கு வந்துவிட்டாள். பிறகு கல்யாணம் ஆனது. கணபதி அந்த ஒற்றையறைக் காம்பிராவுக்கு வந்து சேர்ந்தபோது, அடுப்புக்குப் பக்கத்திலிருந்த சூடான இடத்தைச் சாடி ஏற்கெனவே பிடித்திருந்தது. கடைசிவரை அவன் குளிரடிக்கிற வாசல் பக்கம்தான் படுத்தான்.

துரைசாணியின் பக்குவத்தைக் கருப்பம்மா ஒரே வருஷத்தில் ஒதுக்கிவிட்டாள். உப்பில் போட்டால் கரிக்கிறது, இதிலே என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்பது அவள் கட்சி. அவள் முள்ளங்கியை நறுக்கினாள், காரட்டை நறுக்கினாள், கோவா என்கிற முட்டைக்கோசைக் கிழித்துப் போட்டாள். கடுகும் பச்சை மிளகாயும் மஞ்சளும் சேர்த்துக் கல்லுப்புத் தண்ணீரை ஊற்றினாள். மேலே பெரிய கோவா இலையை விரித்து, அதன்மேல் ஒரு கல்லை ஏற்றினாள். இரண்டொரு நாளில் சாடி தனக்குத் தானே முணுமுணுக்க ஆரம்பிக்கும். புளிப்பு ஏறிய பிறகு மூடியைத் திறந்தால் அடுத்த காம்பிராவில் இருப்பவர்களுக்கும் வாயில் தண்ணீர் ஊறும். லயத்தில் அதற்குச் சாடிக்காய் என்று பெயர். மழைக்காலத்தில் பசறைச் சந்தைக்குப் போகிற வழி சேறாகி, தேங்காயும் கருவாடும் கண்ணில் படாதபோது, அது இருந்தால் சோறு உள்ளே இறங்கும்.

இந்த விஷயத்தில் அவளுக்கு ஒரே சட்டம்: காய் தண்ணீருக்குள் கிடக்க வேண்டும். "மூக்க வெளிய நீட்டுன காயி கெட்டுப்போவும்" என்பாள். ஊர் விவகாரத்தில் கணபதி ஏதாவது அபிப்பிராயம் சொல்ல வாயெடுத்தால் அவனுக்கும் இதே வசனம்தான் கிடைக்கும். அதனால் அமுக்குகிற கல் அவளுக்கு உயிர். சாடியின் வாய் குறுகல். கல் அதற்குள் நுழையவும் வேண்டும், நுழைந்த பின் அவ்வளவு காயையும் அமுக்கவும் வேண்டும். அப்படி ஒரு கல்லை, கீழே ஓடும் ஓயாவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வெயில்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தேடித் தேடிக் கண்டுபிடித்தாள். கறுப்புக் கல், உருண்டையும் இல்லாமல் தட்டையும் இல்லாமல், ஒரு பக்கம் மட்டும் லேசாகக் குவிந்திருக்கும். கணபதியைப் பார்த்துச் சம்மதம் சொல்ல அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், பாக்கியலெட்சுமி. மடுல்சீமையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முதல் தடவை அவள் முழுகாமல் இருந்தபோது வாயில் வைத்ததெல்லாம் வெளியே வந்தது. சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்து, கரு தங்கவில்லை. இப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள். பசறைக்கு வண்டி ஓட்டுகிற ஒருவரிடம் மருமகன் சொல்லி அனுப்பியிருந்தார். இந்தத் தடவையும் அப்படியேதான் இருக்கிறாளாம், கஞ்சிகூட நிற்கவில்லையாம், அம்மாவின் சாடிக்காய் இருந்தால் சாப்பிடுவேன் என்று மட்டும் சொல்கிறாளாம், வண்டி கிடைத்ததும் கூட்டி வருகிறாராம். அதைக் கேட்ட அன்று கருப்பம்மா யாரோடும் சண்டை போடவில்லை. விஷயம் எவ்வளவு பெரியது என்று லயத்துக்கு அதிலேயே புரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாடியைக் கழுவிக் கவிழ்த்தாள். கல்லை வெந்நீரில் போட்டு எடுத்து, கல்லுப்பால் தேய்த்து, மேலே மஞ்சள் பூசினாள். பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க எப்போதும் செய்வதுதான். மண் ஒட்டாதபடி லயத்துக்குப் பின்னால் நின்ற அத்திமரத்தின் வேர்மேல் அதைக் காய வைத்தாள். அன்றைக்கு வெயில் முகமே காட்டவில்லை. காயெல்லாம் நறுக்கி, சாடியை நிரப்பி, உப்புத் தண்ணீர் ஊற்றி முடித்தபோது இருட்டிவிட்டது. கல் இன்னும் ஈரமாகவே இருந்தது. காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

காலையில் கல் சாமியாகிவிட்டது.

அது இப்படி நடந்தது. பெரிய கங்காணி ரெங்கசாமியின் சினைப்பசு கொஞ்ச நாளாகக் காணவில்லை. சிறுத்தை அடித்திருக்கும் என்று எல்லாரும் கைகழுவிவிட்டார்கள். கங்காணி மட்டும் முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டு காடு காடாக அலைந்தார். அன்று வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு ஆள்களைக் கூட்ட விடியற்காலையில் வந்தவர், அத்திமரத்தடியில் பசு சாவகாசமாகப் படுத்திருப்பதைப் பார்த்தார். அதன் முகத்துக்கு நேரே, திட்டுத் திட்டாக மஞ்சள் ஒட்டிய கறுப்புக் கல். உப்பு வாசம் பட்டால் மாடு மலை தாண்டியும் வரும், வந்தது விடிய விடிய அந்தக் கல்லை நக்கிக்கொண்டிருந்திருக்கும் என்று கங்காணிக்குத் தோன்றவில்லை. தலைப்பாகையைக் கழற்றிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அன்றைக்குப் பெரட்டில் யாருக்கும் ஏச்சு விழவில்லை. பசு திரும்பியதைவிட அதுதான் பெரிய அற்புதம் என்று லயம் முழுக்க நம்பிவிட்டது.

காலையில் கூட்டத்தில் கல்லை நெருங்க முடியாமல் பெரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்துவிட்டுச் சாயங்காலம் வந்த கருப்பம்மா, கல்லுக்குக் குங்குமமும் செம்பருத்திப் பூவும் வைத்திருப்பதைப் பார்த்தாள். கூடையைக்கூட இறக்கி வைக்காமல் கங்காணி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"கங்காணி, அது என் சாடிக் கல்லுங்க. மஞ்ச பூசிக் காய வச்சிருந்தேன். எடுத்துக்கிட்டுப் போறேன்."

கங்காணி கோபப்படுவார் என்று கூட வந்தவர்கள் எதிர்பார்த்தார்கள். அவருக்கோ கண் கலங்கிவிட்டது.

"அப்படின்னா சாமி இத்தன வருசமா ஒன் வீட்டுலதான் இருந்திருக்கு. நீ குடுத்து வச்சவ, கருப்பம்மா."

கருப்பம்மா விடவில்லை. ஓயாவில் எடுத்த கல் என்றாள். பாருங்கள், ஆற்றில் வந்த சாமி என்றார்கள். உப்புக்குத்தான் மாடு வந்தது என்றாள். சாமி நினைத்தால் எதைக் காட்டியும் கூப்பிடும் என்றார்கள். அவள் பேசப் பேசக் கல்லின் மகிமை கூடிக்கொண்டே போனது. மறுநாள் தகரக் கூரை போட்டார்கள். அதற்கடுத்த நாள் பக்கத்துக் காம்பிரா ரெங்கம்மா ஒரு கிண்ணத்தோடு வந்து, சாமி குளித்த தண்ணீர் கொஞ்சம் வேண்டும் என்று சாடியைக் காட்டிக் கேட்டாள்.

யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கருப்பம்மா மரத்தடிக்குப் போகாமல் இல்லை. போனாள், கையை நீட்டினாள், குங்குமத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. வாய்தான் அதைக் கல் கல் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கை அதற்கு ஒத்துவரவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்து அந்த ஆத்திரத்தைக் கணபதிமேல் காட்டினாள்.

வேறு கல் தேடலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது. ஓயா மரங்களை உருட்டிக்கொண்டு ஓடியது, கரையில்கூடக் கால் வைக்க முடியாது. ரோட்டுக்கு உடைத்துப் போட்டிருந்த கருங்கல்லைக் கழுவிப் போட்டுப் பார்த்தாள். சாடிக்குள் மண் இறங்கியது. பசறையில் கடை வைத்திருந்த ஸலீம் நானாவிடம் தராசில் வைக்கிற இரும்புப் படிக்கல் ஒன்றை இரவல் கேட்டாள். பழைய கல்லுக்கு என்ன ஆனது என்று அவர் விசாரித்தார், சொன்னாள். தன் கடைப் படிக்கல்லுக்கு அந்த மாதிரி எதுவும் ஆகாமல் பார்த்துக்கொள்வதாக அவளிடம் உறுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். அதைப் போட்டதும் கோவா இலை கறுத்துப்போனது. பிறகு கணபதி யோசித்து யோசித்து, கவ்வாத்துக் கத்தியால் ஒரு மரக்கட்டையைச் சாடியின் வாய்க்குள் நுழைகிற அளவுக்கு அழகாகச் செதுக்கிக் கொண்டுவந்தான். அது மிதந்தது. அதோடு சேர்ந்து காயும் மிதந்தது. இரண்டு பேரும் சாடிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"நான் வேணா கைய வச்சு அமுக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கட்டுமா?" என்று கணபதி கேட்டான்.

அவன் நிஜமாகவேதான் கேட்டான். கருப்பம்மா அவனைத் திட்டவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். புகை என்று சொன்னாள். அடுப்பு அப்போது எரியவில்லை.

மேலே மிதந்த காயில் வெள்ளைப் படலம் கட்டியது. தினமும் பெரட்டுக்குப் போவதற்கு முன் அதை அகப்பையால் வழித்தெடுத்தாள். சாடியின் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. வழித்ததைக் கொட்டவும் வழியில்லை. சாமி குடியிருந்த சாடியின் பிரசாதம் என்று வாங்கிப் போக ஆள் வந்தது. கங்காணி வீட்டிலிருந்தும் கேட்டு அனுப்பினார்கள். அவர்களுக்கு மேலே மிதந்ததிலேயே பார்த்துத் தாராளமாகக் கொடுத்தாள். கங்காணி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாராம், பக்தியாலா நாற்றத்தாலா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அடியில் கிடந்த கொஞ்சம் முள்ளங்கியை மட்டும் அவள் யார் கண்ணிலும் காட்டவில்லை. அது தண்ணீருக்குள்ளேயே இருந்தது. மகள் வரும்வரை அது தாங்க வேண்டும். வந்த பிறகு அவள் வயிறு அதைத் தாங்க வேண்டும். மலையில் நிற்கும்போதும் கருப்பம்மாவுக்கு இதே நினைப்புத்தான். கொழுந்தோடு முற்றின இலையையும் சேர்த்துப் பறித்துப்போட்டுத் திட்டு வாங்கினாள்.

மழை விட்ட ஒரு பகலில் பாக்கியலெட்சுமியைக் கூட்டி வந்தார்கள். பசறை தாண்டி வண்டி போகிற மட்டும் வண்டியில் வந்து, மீதித் தூரத்தை மருமகன் கொஞ்சம் நடத்தியும் கொஞ்சம் தூக்கியும் கொண்டுவந்திருந்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பார்க்கவே பயமாக இருந்தாள். கருப்பம்மா மகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகப் பார்த்தாள். கங்காணி குறுக்கே வந்தார். முழுகாமல் இருக்கிற பிள்ளை, லயத்துக்குப் பின்னாலேயே சாமி இருக்கும்போது கும்பிடாமல் வீட்டுக்குள் போகலாமா என்றார். லயத்துப் பெண்களும் அதையே சொன்னார்கள். இந்த நேரத்தில் சண்டை வேண்டாம் என்று கருப்பம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மகள் மெதுவாக அத்திமரத்தடிக்குப் போய் மண்டியிட்டாள். குனிந்து கல்லில் நெற்றியை வைத்தாள். வைத்தவள் எழுந்திருக்கவில்லை. மயங்கிவிட்டாள் என்று நினைத்து எல்லாரும் கிட்டே ஓடினார்கள். அவள் மயங்கவில்லை. மூக்கைக் கல்லோடு சேர்த்து வைத்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்கில் உப்பிலும் புளிப்பிலும் கிடந்த கல் அது. கற்பூரத்துக்கும் குங்குமத்துக்கும் அடியில் அந்த வாசம் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அவள் தூங்கி எழுந்த காம்பிராவின் வாசம்.

"அம்மா," என்றாள், தலையைத் தூக்காமலே. "பசிக்குது."

கருப்பம்மா ஓடினாள். அவள் ஓடி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. தட்டில் சோற்றைப் போட்டு, சாடிக்குள் முழங்கைவரை கையை விட்டு, அடியில் கிடந்த முள்ளங்கியை அள்ளிக்கொண்டு வந்தாள். பாக்கியலெட்சுமி அங்கேயே மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையைக் கல்மேல் வைத்தபடி சாப்பிட்டாள். ஒரு வாய், இன்னொரு வாய், எதுவும் வெளியே வரவில்லை. தட்டை வழித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

கங்காணி கருப்பம்மாவைப் பார்த்தார். "இப்பவாச்சும் நம்புறியா?"

உப்புக்கு வந்த மாட்டைப் பற்றிச் சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதே உப்புக்குத்தான் தன் மகளும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தாள். கருப்பம்மாவின் கைகள் தாமாக ஒன்று சேர்ந்தன. கணபதி மட்டும் அதைப் பார்த்தான். அவள் இருந்த காலம்வரை அதை யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கு உயிர்மேல் ஆசை இருந்தது.

பேரன் நல்லபடியாகப் பிறந்தான், கறுப்பாக, உருண்டையும் இல்லாமல் தட்டையும் இல்லாமல். ஓயா வடிந்த பிறகு கணபதி இடுப்பளவு தண்ணீரில் நின்று வேறொரு கல்லைத் தேடிக் கொடுத்தான். அதைக் கருப்பம்மா வெளியில் காய வைக்கவே இல்லை, அடுப்புக்கு மேலேதான் வைத்தாள். ஒரு சாமி போதும் என்றாள். ஆனாலும் ஒவ்வொரு தடவை சாடி புளித்து முடிந்ததும், முதல் முள்ளங்கித் துண்டை உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டுபோய் அத்திமரத்தடிக் கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டு வருவாள். கடைசியில் உனக்கும் பக்தி வந்துவிட்டதா என்று ரெங்கம்மா ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"பக்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் கருப்பம்மா. "வேல செஞ்ச கல்லு. கூலி குடுக்க வேணாமா?"