வருத்தத்துக்கு ஒரு நம்பர்

இந்த ஊரில் எனக்கு வருத்தம் என்று சொன்னால் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறார்கள். யாரும்மா திட்டினது என்று விசாரிக்கிறார்கள். மருந்து மட்டும் கொடுப்பதில்லை. ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் என்னோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வரும். நீலகிரியில் இருந்து படிப்பவர்களுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றே தெரியாது. அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: இலங்கையில் வருத்தம் என்றால் நோய். காய்ச்சலும் வருத்தம்தான், வயிற்றுப்போக்கும் வருத்தம்தான். அங்கே வருத்தம் வந்தால் டொக்டரிடம் போவோம். இங்கே வருத்தம் என்பது மனசுக்கு வருவது, அதற்கு ஆறுதல் சொல்வார்கள்.

இது தெரியாமல்தான் நான் முதல் தடவை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சேரங்கோட்டிலிருந்து காலை முதல் பஸ். வழியில் ஆனை நின்றதால் அரை மணி நேரம் பஸ்ஸும் நின்றது. அதன் பிறகு மலையேற மூன்று மணி நேரம். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் பேரும் வயதும் போதும் என்றார்கள். ஆகா, எவ்வளவு நல்ல நாடு என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே இருந்த நர்ஸிடம், "மூணு மாசமா வருத்தம் மிஸ்ஸி" என்றேன். அந்த ஒரு வாக்கியத்திலேயே இரண்டு தப்பு. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸை மிஸ்ஸி என்போம், இங்கே சிஸ்டர். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மூணு மாசமாவா? ஊட்டுக்காரர் எங்கிங்க இருக்காரு?" என்று கேட்டார். குவைத்தில் என்றேன். "அதானுங்க பாத்தேன்" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வராந்தாக் கடைசியில் ஓர் அறையில் விட்டார். கதவில் மனநல ஆலோசனை என்று எழுதியிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. கூட்டம் இல்லாத அறை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

அங்கே ரேவதி என்று ஒரு பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. குரல் அவ்வளவு மெத்தென்று இருந்தது. "சொல்லுங்கக்கா, நைட்டு தூக்கம் வருதுங்களா?" வருது என்றேன். "அழுகாச்சி வருதுங்களா?" வராமல் இருக்குமா என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். பேர், ஊர், ஆதார் நம்பர் கேட்டாள். ஆதார் இல்லை, இலங்கைப் பாஸ்போர்ட்தான் என்று நீட்டினேன். அந்த நம்பரையே கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டாள். மாமியார் எப்படி என்று கேட்டாள். மாமியார் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், அதனால் குரலைத் தாழ்த்தி, நல்லவங்கதான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, மனசுல ஒண்ணும் இல்ல. மாசத்துல இருவது நாள் ரத்தம் போகுது. அதுக்கு மருந்து தருவீங்களா மாட்டீங்களா?" என்று கேட்டேன். ரேவதிக்கு முகம் சிவந்துவிட்டது. விஷயம் அவளுக்குப் புரிந்து, என்னை மகப்பேறுப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு ஓடினால், அன்றைக்குப் பார்க்க வேண்டிய நேரம் முடிந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் மூன்று மணி நேர பஸ்.

பஸ்ஸில் மாமியார் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். "வருத்தம்னு சொல்லாத, சொகமில்லன்னு சொல்லுன்னு ஒனக்கு யாரும் சொல்லலியா? நானும் வந்த புதுசுல இப்புடித்தான் சொல்லிட்டு முழிச்சேன்." அவர் இலங்கையில் பிறந்தவர். பத்து வயதில் பெற்றோருடன் கப்பலேறி வந்தவர். அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். காகிதங்களில் அவர் பேர் தாயகம் திரும்பியவர். தெருவில் இன்றைக்கும் சிலோன்காரம்மா. இவ்வளவு தெரிந்தவர், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

நான் இங்கே வந்த கதை எளிமையானதுதான். குவைத்தில் ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை செய்தேன். எங்களைக் காலையில் ஏற்றி மாலையில் இறக்கிய வேன் டிரைவர் செல்வராஜ். தமிழ் பேசுகிறார், அதுவும் நம் தோட்டத் தமிழ் போலவே பேசுகிறார் என்று ஆச்சரியப்பட்டு விசாரித்தால், அவருடைய அம்மா பிறந்த தோட்டம் எங்கள் தோட்டத்துக்கு இரண்டு மலை தள்ளி இருந்தது. ஹட்டனில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு இங்கே வந்தோம். ஆறு மாதத்தில் அவர் வேனுக்கே திரும்பிப் போனார், நான் அவருடைய அம்மாவோடு தோட்டத்து லைன் வீட்டில் தங்கிவிட்டேன். குவைத்தில் என் அடையாள அட்டையை இயந்திரத்தில் வைத்தால் அரபியில் பேர் வரும், டாக்டர் பார்ப்பார். எந்த நாடு என்று யாரும் கேட்டதில்லை. வேலை முடிந்த அன்றைக்கே அந்த அட்டையும் செத்துப்போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது தடவை போனபோது லேடி டாக்டர் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது. "உடனே எடுத்தறோணுங்க. இன்னும் தள்ளிப் போட்டீங்கன்னா கட்டியவிட ரத்தம் போறதுதான் ஆபத்து" என்று நேராகவே சொன்னார். எனக்கு அந்த நேரடிப் பேச்சு பிடித்தது. அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன், முதல் நாள் வந்து சேர்ந்துகொள்ளுங்கள், கீழே கவுன்ட்டரில் பதிவு செய்துவிட்டுப் போங்கள் என்றார். கோயம்புத்தூரில் தனியாரிடம் போவதைப் பற்றியும் யோசித்தோம். செல்வராஜ் இன்னும் எத்தனை வருடம் வேன் ஓட்ட வேண்டியிருக்கும் என்று யோசித்ததும், அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

கவுன்ட்டரில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், கழுத்தில் மப்ளர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டாவது வந்திருப்பேன். "ஆதார் இருக்குதுங்களா?" இல்லை. "ரேஷன் கார்டுல பேரு?" ஆதார் இருந்தால்தான் ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பார்கள். "ஆதார் எடுத்துட வேண்டியதுதானுங்களே?" போன மாதமே போனேன், விசா புதுப்பித்து வரட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விசாவுக்கு எழுதிப் போட்டு நான்கு மாதமாகிறது, விசாரணையில் இருக்கிறது என்ற ஒரே பதில்தான் வருகிறது. இவ்வளவையும் சொல்லி முடித்தேன். அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து, "சரிங்க, ஆதார் இருக்குதுங்களா?" என்றார். அந்தப் பெட்டியில் நம்பர் போடாவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாதாம். வெளிநாட்டுக்காரர் என்றால் வேறு பாரம், அதற்குப் பெரிய டாக்டர் மேலே எழுதி அனுமதி வாங்க வேண்டும், அவர் மீட்டிங்குக்குப் போயிருக்கிறார், என்றைக்கு வருவார் என்று சொல்ல முடியாது. கட்டிக்கு அந்த மீட்டிங் விஷயம் தெரியாது. அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவர், அப்பா பேர் சரிபார்க்கத் தமிழில் ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். பையிலிருந்து என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். இங்கே பிறப்புச் சான்றிதழ் என்கிறார்களே, அதுதான். படித்துக்கொண்டே வந்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஏனுங்க! இதுலயே இந்தியத் தமிழ்னு போட்டிருக்குதுங்களே! இத வெச்சுக்கிட்டு எதுக்குங்க இத்தன நேரம் பாஸ்போர்ட்டக் காட்டிட்டு நின்னீங்க?" ஹட்டன் வாசகர்களே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தகப்பனின் இனம் என்று ஒரு கட்டம், அதில் நம் எல்லோருக்கும் அதே வார்த்தை. என் அப்பாவின் அப்பாவுக்கும் இந்தியாவைத் தெரியாது. ஆனாலும் எழுதுவார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எழுதினார்கள். கிளினிக் கொப்பியில், அதாவது நோட்டில், எழுதினார்கள். அந்தக் கொப்பியில் மற்றதெல்லாம் சிங்களத்தில் இருக்கும், எனக்கு வாசிக்கத் தெரியாது. நீ இந்த நாட்டுக்காரி இல்லை என்று எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்த அந்த வார்த்தையைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சந்தோஷப்படுகிறார்.

அவர் பாரத்தில் பிரஜை என்ற இடத்தில் 'இந்திய' வரை எழுதிவிட்டார். ஆதாருக்கு விண்ணப்பித்திருப்பதாகப் போட்டுக்கொள்கிறேன், பிறகு கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். பேசாமல் நின்றிருந்தால் வியாழக்கிழமை ஆபரேஷன். மாமியார் என் முழங்கையைக் கிள்ளினார். "சும்மா இரு புள்ள. அவரே எழுதுறாரு, நீ என்னாத்துக்கு குறுக்க பேசுற?" என் விசா விசாரணையில் இருக்கிறது. நாளைக்கு ஓர் அதிகாரி இந்தப் பாரத்தைப் பார்த்து, நீ இந்தியப் பிரஜை என்று எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டால், கட்டியை எடுத்த கையோடு என்னையும் எடுத்துக் கப்பலில் போட்டுவிடுவார்கள். "ஐயா, எழுதாதீங்க. அது எங்க இனம், நாடு இல்ல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற ஒருவர், "ஏம்மா, சீக்கிரம் ஆகட்டும், கதையெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்" என்று கத்தினார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதையை ஒரு கவுன்ட்டர் ஓட்டை வழியாக எப்படிச் சொல்வது? "அங்க இந்தியாங்கறாங்க, இங்க சிலோனுங்கறீங்க. உங்க ஊருதான் எதுங்க?" என்று கவுன்ட்டர்க்காரர் கேட்டார். கேலியாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பிறகு அந்தப் பாரத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். மாமியார் இரண்டு படி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ரேவதி டீ கிளாஸோடு அந்த வழியாக வந்தவள் நின்றுவிட்டாள். "அக்கா, மறுபடியும் வருத்தங்களா?" என்றாள். போன தடவை சூடு பட்டவள் அல்லவா, ஜாக்கிரதையாகத்தான் கேட்டாள். "ஆமாம்மா. இந்தத் தடவ உங்க ஊரு வருத்தந்தான்" என்றேன். என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். "பதிய முடியாதுன்னாங்களா? உங்களுக்குத்தான் இங்க நம்பர் இருக்குதுங்களேக்கா. அன்னைக்கு நாந்தான போட்டேன்."

அவளுடைய பிரிவின் கம்ப்யூட்டர் பாஸ்போர்ட் நம்பரை ஒத்துக்கொள்ளுமாம். மனசு சரியில்லாமல் வருகிறவர்கள் கையில் காகிதம் எங்கே இருக்கும், அதனால் அங்கே கெடுபிடி இல்லையாம். ஒரு பிரிவில் நம்பர் இருந்தால் அந்த ஆஸ்பத்திரியின் எல்லாப் பிரிவுக்கும் அதுவே நம்பர். மனநலப் பிரிவில் சிகிச்சையில் இருக்கும் இலங்கைப் பிரஜை, வயிற்றுக் கட்டிக்காக மகப்பேறுப் பிரிவுக்கு அனுப்பப்படுகிறார் என்று ரேவதி ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இலங்கைப் பிரஜை என்று சரியாகவே எழுதியிருக்கிறாளா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கவுன்ட்டர்க்காரர் நம்பரைத் தட்டினார். என் பேர் வந்தது. அடுத்த பக்கமும் வந்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை கட்டியை எடுத்தார்கள். லேடி டாக்டர் வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். மாமியார் மூன்று நாளும் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார். கஞ்சியை ஊட்டிவிட்டார், திட்டுவதை மட்டும் விடவில்லை. செல்வராஜுக்கு லீவு கிடைக்கவில்லை. வேனை ஓரமாக நிறுத்திவிட்டு வீடியோவில் என்னைப் பார்த்தார். கிளம்புகிற அன்று காலை ஹட்டனிலிருந்து அம்மா கூப்பிட்டார். "வருத்தம் எப்புடி இருக்கு மகள்?" என்று கேட்டார். "வருத்தம் எல்லாம் போயிருச்சும்மா" என்று நான் சத்தமாகச் சொன்ன நேரத்தில் ரேவதி பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

"போயிருச்சுங்களாக்கா?" அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "அப்ப உங்க ஃபைலை முடிச்சிரட்டுங்களா? கொணமாயிருச்சுன்னு எழுதிட்டா நம்பரைக் குளோஸ் பண்ணிரலாம்."

நான் படுக்கையிலிருந்து எழப் பார்த்தேன். தையல் இழுத்தது. விசா இன்னும் வரவில்லை. ஆதார் இல்லை. தையல் பிரிக்க வர வேண்டும், ரத்தம் ஏறியிருக்கிறதா என்று மாதா மாதம் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் நான் இருக்கிறேன் என்பதற்கு ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரே நம்பர் அது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "முடிச்சிராதம்மா. இன்னும் வருத்தம் இருக்குன்னே எழுதி வையி."

எந்த வருத்தம் என்று ரேவதி கேட்கவில்லை. மாதம் ஒருமுறை வரவும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டை இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குள், இந்தியத் தமிழ் என்று போட்ட அந்தப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.