வெளியே போவதற்கு ஒரு வசனம்

கொட்டாஞ்சேனையில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் பேபி கிளாஸில் எங்களிடம் எதிர்பார்த்தவை அதிகமில்லை. நகம் வெட்டியிருக்க வேண்டும். சட்டையின் தோளில் மூக்குத் துடைக்க லேஞ்சி ஒன்று ஊசியால் குத்தியிருக்க வேண்டும். மிஸ் உள்ளே வந்தால் எழும்பி நின்று குட் மோர்னிங் சொல்ல வேண்டும். மணி அடிக்கும்வரை சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும். பழகாதது ஒன்று இருந்தது. வகுப்புக்குள் இங்கிலீசைத் தவிர வேறு பாஷை கதைக்கக் கூடாது. கக்கூசுக்குப் போக வேண்டுமென்றாலும் இங்கிலீசில்தான் கேட்க வேண்டும்.

"பிளீஸ் மிஸ், மே ஐ கோ அவுட்?"

அந்த வசனம் எனக்குத் தெரியும். அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கொம்பனியில் கிளார்க்காக இருந்தார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னமே, பின்னேரம் வேலையால் வந்து தேத்தண்ணி குடிக்கும்போது என்னை முன்னால் நிறுத்தி அதைச் சொல்லவைப்பார். நான் 'மேயை' என்று ஒரே சொல்லாகச் சொல்வேன். அவர் பொறுமையாகப் பிரித்துத் தருவார். அதன் பொருள் எனக்குத் தெரியாது. சொன்னால் விடுவார்கள் என்று மட்டும் தெரியும்.

எங்கள் மிஸ் ஒரு பறங்கிப் பெண். பூப்போட்ட கவுன், வெள்ளைத் தொப்பி. இங்கிலீசும் சிங்களமும் பேசுவார், தமிழ் வராது. நல்லவர். யாராவது விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தால் தானே கழுவி மருந்து போட்டுவிடுவார். பாஷைச் சட்டம் அவர் போட்டதல்ல. மேல்மாடியில் ராசாவின் படம் மாட்டிய அறையில் இருந்த தலைமை ஆசிரியை, பெரிய மிஸ், போட்டது.

பேபி கிளாஸ் பிள்ளைகளுக்கு இன்னுமொரு சட்டமும் இருந்தது. கக்கூஸ் வளவின் பின்பக்கம், கிணற்றைத் தாண்டி. கிணற்றுக் கட்டு பதிவாக, முழங்கால் உயரமே இருந்ததால் சின்னப் பிள்ளை தனியாகப் போகக் கூடாது. யார் போனாலும் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

என் வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்தவன் ஒரு முஸ்லிம் பையன். அவனுடைய வாப்பாவுக்கு அடுத்த தெருவில் புடவைக் கடை. பள்ளிக்கூடம் தொடங்கிச் சில நாட்களில், ஒரு காலை, அவன் எழும்பி நின்றான். "பிளீஸ் மிஸ்" என்றான். மிச்சம் வரவில்லை. மிஸ் சிரித்த முகத்தோடு, மிச்சத்தையும் சொல்லு என்பதுபோலத் தலையாட்டினார். அவன் மறுபடியும் "பிளீஸ் மிஸ்" என்றான். அதற்குள் தரை நனைந்துவிட்டது.

மிஸ் ஏசவில்லை. ஆயாவைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னார். ஆனால் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் விடும்வரை அவன் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தான். அன்று சாப்பாட்டுப் பெட்டியையும் அவன் திறக்கவில்லை.

அடுத்த நாள் அவன் முகம் திரும்பவும் அப்படி ஆவதைப் பார்த்தேன். எழும்பாமல், வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். நான் எழும்பி அப்பா பழக்கிய வசனத்தைச் சொன்னேன். போகலாம், துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ என்று மிஸ் கையைக் காட்டினார். நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கிணற்றைத் தாண்டியதும் கையை உதறிவிட்டு ஓடினான். நான் மாமரத்தடியில் நின்றேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

அந்த விஷயம் எப்படியோ வாங்குக்கு வாங்கு போய்விட்டது. பின் வாங்கில் ஒரு பிள்ளை இருந்தாள். அவளுடைய தகப்பன் கொச்சிக்கடையில் பண்டகசாலையில் வேலை. அவள் என் பின்னலைப் பிடித்து மெதுவாக இழுப்பாள். நான் எழும்பிக் கேட்பேன். இன்னொருத்தி முதுகில் தட்டுவாள். ஒருவன் ஒன்றும் செய்யமாட்டான், என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கும் எழும்புவேன். பெரிய வகுப்புகளின் ஜன்னல்களைக் கடந்து, ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது எனக்குப் பெரிய உத்தியோகம் பார்ப்பதுபோல இருக்கும்.

மிஸ் இதைக் கவனிக்காமல் இருப்பாரா? ஒரு நாள் மத்தியானம் அம்மா என்னைக் கூட்டிப்போக வந்தபோது மிஸ் வாசல் கேற்றடிக்கே வந்தார். அம்மா கல்யாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். இங்கிலீஷ் தெரியாது. மீன்காரனிடமும் மரக்கறிக் கடையிலும் பழகிய சிங்களம் கொஞ்சம் இருந்தது. அதுவரை கேற்றுக்கு வெளியேதான் நிற்பார். உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. மிஸ் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். பிள்ளை ஓயாமல் வெளியே போகிறாள், டொக்டரிடம் காட்டுங்கள். அம்மாவுக்கு விளங்கவேண்டும் என்று தன் அடிவயிற்றையும் தொட்டுக் காட்டினார்.

அம்மா பயந்துபோனார். காலையில் தந்த தேத்தண்ணியை நிறுத்தினார். பார்லி அவித்துத் தந்தார். நான் கக்கூசுக்குப் போகும்போதெல்லாம் பின்னாலேயே வந்து பார்த்தார். பிறகு தெரு முனையில் இருந்த டிஸ்பென்சறிக்குக் கூட்டிப்போனார்.

டொக்டர் தமிழர். என் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமத்திப் பார்த்தார்.

"நோகுதா?"

"இல்லை."

"வீட்டிலையும் அடிக்கடி போறாளோ?" என்று அம்மாவைக் கேட்டார்.

"இல்லை டொக்டர். வீட்டிலை எல்லாம் சரியாத்தான் இருக்குது. பள்ளிக்கூடத்திலைதான்."

டொக்டர் கதிரையை இழுத்து என் உயரத்துக்குக் குனிந்து இருந்தார். "பிள்ளை, பள்ளிக்கூடத்திலை ஏன் அடிக்கடி வருது?"

"எனக்கு வாறேல்லை," என்றேன். "மற்றப் பிள்ளையளுக்குத்தான் வருது. அவைக்குக் கேக்கத் தெரியாது."

டொக்டருக்கு முதலில் விளங்கவில்லை. நான் கிணற்றையும், துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போகும் சட்டத்தையும், பக்கத்துப் பையனுக்கு நடந்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவளுக்கு மருந்து தேவையில்லை," என்று அம்மாவிடம் சொன்னார். "காலமைத் தேத்தண்ணியைக் குடுங்கோ."

அம்மா என்னை வெளியே கூட்டிவந்தார். தெருவைக் கடக்கும்போது என் கையை வழக்கத்தைவிட இறுக்கிப் பிடித்திருந்தார். "உனக்கு ஆர் இப்பிடிச் செய்யச் சொன்னது?" என்று ஒருமுறை கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை என்றேன். அவ்வளவுதான்.

அடுத்த நாள் அம்மா வெளியே போகும்போது மட்டும் உடுத்தும் சேலையை உடுத்திக்கொண்டு என்னோடு வந்தார். கேற்றில் நிற்கவில்லை. நேரே வகுப்புவரை வந்து வாசலில் நின்றார். மிஸ் எழும்பி வந்து, டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவின் சிங்களம் என்ன விலை, குறைக்க முடியாதா, நாளைக்குக் கொண்டு வா என்ற அளவில்தான் இருந்தது. ஆனால் பயம் என்ற சொல் இரண்டு பாஷையிலும் ஏறக்குறைய ஒன்றுதான், கக்கூசும் அப்படித்தான். அம்மா அவற்றை வைத்துச் சமாளித்தார். "லமயி பயயி," என்றார். பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பிறகு என்னைக் காட்டி, இவளுக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, இவள் மற்றவர்களுக்காகக் கேட்கிறாள் என்பதை ஒரு சொல்லும் இரண்டு சைகையுமாக விளங்கப்படுத்தினார். மிஸ்ஸின் முகம் சிவந்தது. பெரிய மிஸ்ஸின் சட்டம் என்று மேலே கை காட்டினார். அம்மா தலையை ஆட்டினார். அது தெரியும் என்பதுபோல. பிறகு தனக்குத் தெரிந்த சிங்களச் சொற்களைத் தேடி அடுக்கிச் சொன்னார்: "கக்கூஸ் முதல். இங்கிலீஷ் பிறகு."

மிஸ் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தார். மிஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். சத்தம் இல்லாமல் சொன்னதால் எங்களுக்குக் கேட்கவில்லை.

மிஸ் பெரிய மிஸ்ஸிடம் என்ன கதைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே வகுப்பில் நடப்பு மாறியது. வெளியே போக வேண்டியவர் சின்னி விரலை உயர்த்தினால் போதும். அதோடு தினமும் குட் மோர்னிங் சொன்ன பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அந்த வசனத்தைப் பாட்டுப்போலச் சொல்ல வேண்டும். புடவைக் கடைக்காரர் மகன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்வான். தவணை முடிவதற்குள் எவருக்கும் விரல் தேவைப்படவில்லை. எனக்குத்தான் வேலை போய்விட்டது. அது கொஞ்சம் கவலையாகவும் இருந்தது.

அம்மா மிஸ்ஸிடம் போய்வந்த அன்று பின்னேரம் அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன்னிடம் சொல்லாமல் அம்மா போய்விட்டாரே என்று முதலில் முகத்தைச் சுழித்தார்.

"நீர் அங்கை எந்தப் பாஷையிலை கதைச்சனீர்?" என்று அம்மாவைக் கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச பாஷையிலை," என்று அம்மா சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்பா அடுப்படிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். தன் கப்பல் கொம்பனிக் கந்தோரில் இந்தக் கதையை அவர் பலருக்கும் சொன்னார் என்று பின்னாளில் அறிந்தேன். அதில் என் இங்கிலீசைவிட அம்மாவின் சிங்களத்துக்கே அதிக இடம் இருந்ததாம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பேபி கிளாஸ் பிள்ளைகளின் தாய்மார். புடவைக் கடைக்காரரின் மனைவி தலை முக்காட்டைச் சரிசெய்தபடி வாசலில் நின்று, "எனக்குத் தனியப் போகக் கூச்சமா இருக்கு, நீங்களும் ஒருக்கா வாறீங்களா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. மகன் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டை மிச்சம் வைக்கிறானாம். ஏனென்று மிஸ்ஸிடம் கேட்க வேண்டுமாம். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "ஓம், வாறன். நில்லுங்கோ, சேலையை மாத்திப்போட்டு வாறன்," என்று உள்ளே போனார்.