மேற்கோள்குறி போடாத பாதை

ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘பேக்கப் அண்ணன்’ என்றுதான் பெயர். எதிரே யார் வந்தாலும், “பேக்கப் எடுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் வணக்கமே சொல்வார். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அது அவர் விஷயத்தில் இப்படிப் பலித்திருக்க வேண்டாம்.

தொண்டையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்களின் குரலை முன்கூட்டியே பதிவு செய்து வைக்கும் பிரிவு அது. பேச்சு போன பிறகு அவர்கள் தட்டச்சு செய்தால், ஒரு கருவி அவர்கள் குரலிலேயே பேசும். அந்தப் பதிவுகளின் டேட்டாபேஸும், அது அழிந்தால் கைகொடுக்க எடுத்து வைக்கும் பேக்கப் பிரதியும் இவர் பொறுப்பு.

அக்காவுக்கும் அறுவை என்று ஆனதும் மனுஷனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் பேச வருவதற்கு முந்தின நாள், பிரதி எடுப்பதைப் புதிய டிஸ்குக்கு மாற்றினார். ஃபோல்டருக்கு ‘குரல் காப்பு’ என்று நடுவில் இடம் விட்டு அழகாகப் பெயர் வைத்தார். கட்டளையைக் கையால் ஒருமுறை அடித்துப் பார்த்தார், ஓடியது. பிறகு தினமும் தானாக ஓடும்படி அதை ஒரு ஸ்கிரிப்டிலும் எழுதி வைத்தார்.

மறுநாள் அக்கா வந்தாள். “இதெல்லாம் எவன்டா எழுதினான்? நான் பேசுற மாதிரியே இல்லையே” என்று, பதிவுக்காகப் படிக்கக் கொடுத்த தாளை ஓரமாக வைத்துவிட்டு, தம்பியின் சின்ன வயசு வண்டவாளத்தையெல்லாம் மைக்கில் அவிழ்த்துவிட்டாள். அறையே சிரித்தது.

அறுவை முடிந்து, அக்கா கழுத்தில் வைத்த துளை வழியே மூச்சு விடப் பழகினாள். அவளுக்குக் கருவி தரவிருந்த வாரம், பதிவுகள் இருந்த சர்வரின் டிஸ்க் செத்தது. பிரித்துப் பார்த்த ரிப்பேர்க்காரர் கையை விரித்துவிட்டார். பேக்கப்தான் இருக்கிறதே என்று அண்ணன் புதிய டிஸ்கைத் திறந்தார். அவர் கையால் எடுத்த அந்த ஒரு பிரதி மட்டும் இருந்தது. அதில் அக்கா இல்லை.

முதலில், எந்த டூல் எங்கே இருக்கிறதென்று கணினிக்குச் சொல்லும் என்விரான்மென்ட் வேரியபிளைச் சந்தேகப்பட்டார். தானாக ஓடும் வேலைக்கு, பிரதி எடுக்கும் டூல் இருக்குமிடம் தெரியவில்லையோ என்று பார்த்தார், சரியாகவே இருந்தது. அடுத்த வரியில் கண் நின்றது. கையால் அடித்தபோது, ஃபோல்டர் இருக்குமிடத்தைச் சொல்லும் பாதையை மேற்கோள்குறிக்குள் போட்டவர், ஸ்கிரிப்டில் போடவில்லை. நடுவில் விட்ட இடத்தைப் பார்த்து, ‘குரல்’ என்பதோடு பாதை முடிந்ததென்று எடுத்துக்கொண்ட டூல், ‘காப்பு’ என்னவென்று புரியாமல் தினமும் நின்றுபோயிருந்தது. தினமும் அதைச் சொல்லியும் இருந்தது. மெயில் நிரம்புகிறதென்று அந்த எச்சரிக்கைகளை வராமல் தடுத்து வைத்தவரும் அவர்தான்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் பக்கத்தில் வந்து நின்றார். “அக்காவுக்கு அப்புறம் பேசின மத்தவங்களுக்கு இன்னும் ஆபரேஷன் ஆகலை சார். திரும்பக் கூப்பிட்டுப் பேச வெச்சுடலாம். உங்க அக்காவுக்குத்தான்…”

அண்ணன் மேற்கோள்குறியைப் போட்டு ஓடவிட்டார். அந்த ஒரு பிரதியிலிருந்து மீட்ட, அக்கா இல்லாத டேட்டாபேஸ் ஒழுங்காகப் பிரதியானது.

வீட்டில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் எதையும் மறைக்கவில்லை. “உன் குரல் போயிடுச்சுக்கா. நான்தான் தொலைச்சேன்.”

சின்ன வயசில் ஒரு டம்ளர் உடைந்தாலும் தெருமுனை வரை கேட்கும் அவள் திட்டு. அந்தப் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். அக்கா அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். பிறகு விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அவருக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

“திட்டுக்கா” என்றார். “ஒரே ஒரு தடவை திட்டு.”

அவளும் வாயைத் திறந்தாள். கழுத்துத் துளையில் காற்றுதான் வந்தது.