நாவுல பஸ்ஸும் என் மூத்திரப்பையும்

நாவுலயிலிருந்து மாத்தளைக்கும் மாத்தளையிலிருந்து நாவுலக்குமாகப் பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். எங்கள் தொழிலில் ஒரு வீம்பு உண்டு. டிரைவர் வழியில் ஒன்றுக்கு இறங்கக் கூடாது. இறங்கினால் பின்னால் வருகிற பஸ் முந்திப் போய் நமக்கு வரவேண்டிய சனத்தை அள்ளிக்கொண்டுவிடும். அதனால் காலையில் ஒரு வாய் பால் கலக்காத பிளேன்டியோடு ஏறுவேன். கடைசி ஹோல்ட்டில் சனமெல்லாம் இறங்கிய பிறகுதான் மறைவுக்கு ஓடுவேன். பயணி யாராவது "அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க, முட்டுது" என்றால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "வீட்லயே போயிட்டு வரத் தெரியாதா?" என்று கத்துவேன். எத்தனை பேரிடம் கத்தினேனோ, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வருஷம் முதுகு பிடித்துக்கொண்டது. கால் மரத்துப்போனது. டிரைவருக்கு முதுகுவலி புதிதா என்று தைலம் தேய்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒருநாள் காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் முட்டவே இல்லை. அதைப் போய் என் கொண்டக்டரிடம் பெருமையாகச் சொன்னேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"பாத்தியா, ஒடம்பு பழகிருச்சு. இனிமே இது நான் சொல்றதத்தான் கேக்கும்."

"அண்ணே, நீங்க மனுசனா ஒட்டகமா?" என்று அவன் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்று வீட்டுக்குப் போய் நின்றேன், நின்றேன், ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிறு கல்லாகக் கிடந்தது. மனைவி பயந்துபோய் த்ரீவீலர் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

யாழ்ப்பாணத்துப் பக்கத்து டொக்டர் ஒருவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கினார். "பை நிரம்பினா நரம்பு முள்ளந்தண்டு வழியா மூளைக்குச் சொல்லும். மூளை 'பொறு' எண்டா வாசல் தசை இறுகி நிக்கும். 'போ' எண்டாத்தான் அது இளகும், பையும் சுருங்கும். உங்களுக்கு முதுகுத் தட்டு விலகி அந்த நரம்புகளை நசுக்குது. பை நிரம்பித்தான் இருக்கு ஐயா, செய்திதான் மேல போகேல்ல."

நான் வெற்றி என்று நினைத்தது கம்பி அறுந்த பெல்! அன்றைக்கே முதுகில் ஒப்பரேஷன் செய்தார்கள். மூத்திரம் போகக் குழாய் போட்டார்கள்.

சில நாள் கழித்துக் காலையில் குழாயைக் கழற்றினார்கள். "இண்டைக்கு நீங்களாப் போனா நரம்பு திரும்புது எண்டு அர்த்தம். இல்லாட்டி குழாயோடதான் வீட்டுக்குப் போகோணும். பிறகு எப்ப சரிவரும் எண்டு என்னால சொல்லேலாது" என்றார் டொக்டர். குழாயும் பையுமாக யார் எனக்கு பஸ் தருவார்கள்?

நோயாளிகளைப் பார்க்க விடும் பகல் நேரம் வந்தது. மனைவி, மச்சான், இரண்டு சித்திமார், பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரும் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கையில் தம்பிலி இளநீர், ஒருத்தி கையில் பார்லித் தண்ணீர். குடித்தேன். அடிவயிற்றில் லேசாக முட்டியது. ஐயோ, அந்த முட்டல்! திரையை இழுத்துவிட்டு மூத்திரப் போத்தலோடு எழுந்து நின்றேன். வெளியிலிருந்து சித்தி, "வந்துச்சா?" என்றாள். மச்சான், "இன்னும் இல்லியா?" என்றான். ஒவ்வொரு குரலுக்கும் உள்ளே வாசல் இன்னும் இறுகியது. நர்ஸ் மிஸ்ஸி வந்து, "இன்னும் கொஞ்ச நேரந்தான் பாப்பேன், அப்புறம் டியூப் போடணும்" என்று சொல்லிப் போனாள். எனக்கு அழுகை முட்டியதே தவிர வேறொன்றும் வரவில்லை.

அப்போது என் கொண்டக்டர் தோள்பையோடு வந்தான். திரைக்கடியில் தெரிந்த என் கால்களையும் வெளியில் நின்ற கூட்டத்தையும் பார்த்திருப்பான். கட்டிலருகே இருந்த தகர அலுமாரியில் ரெண்டு தட்டுத் தட்டினான்.

"லாஸ்ட் ஹோல்ட்! எறங்குங்க, எறங்குங்க! பஸ் இதுக்கு மேல போகாது!"

சித்திமார் திட்டிக்கொண்டே நகர்ந்தார்கள். செருப்புச் சத்தமெல்லாம் கதவைத் தாண்டிப் போனது. பதினெட்டு வருஷமாகத் தினமும் அந்தத் தட்டுக்கும் அந்தக் கூச்சலுக்கும் பிறகுதானே நான் போயிருக்கிறேன்! என் மூளை என்னைக் கேட்கவே இல்லை. முதலில் ஒரு சொட்டு. பிறகு போத்தலே சத்தம் போட்டது. நான் வாய்விட்டு அழுதேன், சத்தியமாக.

மிஸ்ஸி போத்தலை அளந்தாள். வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், உள்ளே மிச்சம் கொஞ்சந்தான் என்றார். "பயந்தா வாசல் இறுகும் ஐயா. பழகின சத்தம் கேட்டதும் மூளை விட்டுக் குடுத்திட்டுது" என்று சிரித்தார். அடேயப்பா, அந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன்!

மாதங்கள் கழித்து, டொக்டர் சரியென்ற பிறகு மறுபடி பஸ்ஸில் ஏறினேன். முதல் நாளே அலுவிகாரையில் முட்டியது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் மாத்தளை டவுன்தான். ஆனாலும் ஓரம் கட்டினேன். "டிரைவர் அண்ணனுக்கு முட்டுதாம்!" என்று கொண்டக்டர் பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினான்.

முன் சீட்டில் இருந்த பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "வீட்லயே போயிட்டு வரத் தெரியாதா?" என்றாள்.

"முட்டுது தங்கச்சி," என்றேன். "நல்லா முட்டுது."

பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே எங்களை முந்திப் போனது. போகட்டும் என்று இறங்கினேன்.